அரிசிக்கு மூத்த பயறு

ரமலான் மாதத்தில் கோட்டக்குப்பத்தின் பிற்பகல்களுக்கென்று தனி வாசனை உண்டு. புதுச்சேரியின் வடக்கு எல்லை முடிந்ததும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தொடங்கிவிடும் ஊர் இது. விழுப்புரம் மாவட்டம், வானூர் வட்டம். 2021 முதல் நகராட்சி. நோன்பு நாட்களில் மதியம் தாண்டியதும் பள்ளிவாசலில் பெரிய தேக்சாக்கள் அடுப்பேறும். பட்டை, கிராம்பு, ஏலக்காய் பொரிந்து, வெங்காயமும் இஞ்சி பூண்டு விழுதும் வதங்கி, தக்காளி கரைந்தபின் உலை கொதிக்கும். அதில் பச்சரிசி நொய், சிறுபருப்பு, கொஞ்சம் வெந்தயம். அடிப்பிடிக்கவிடாமல் ஒருவர் மாற்றி ஒருவர் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். குழைந்து வந்ததும் தேங்காய்ப் பால், புதினா, கொத்தமல்லி. அஸர் என்னும் மாலைத் தொழுகை முடிந்தால் தூக்குவாளிகளோடு பிள்ளைகள் வந்து நிற்பார்கள். நோன்பு வைத்த வீடு, வைக்காத வீடு, வேறு மதத்தார் வீடு என்ற கணக்கெல்லாம் அந்த வரிசையில் கிடையாது.

நோன்புக் கஞ்சிக்காகத் தமிழக அரசு ஆண்டுதோறும் பள்ளிவாசல்களுக்குப் பச்சரிசி ஒதுக்குகிறது. 2020இல் அது 2,895 பள்ளிவாசல்களுக்கு 5,450 டன். அரசு தருவது அரிசி மட்டும்தான். பருப்பும் மற்ற சாமான்களும் ஊராரின் பொறுப்பு. கஞ்சியில் ஆட்டுக்கறிக் கொத்து சேர்க்கும் நாளும் உண்டு, சேர்க்காத நாளும் உண்டு. கறி இல்லாத நாளிலும் அதை நோன்புக் கஞ்சி என்றே சொல்வார்கள். பருப்பில்லாமல் காய்ச்சினால் யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

அரிசியும் பயறும் இப்படி ஒரே பாத்திரத்தில் சேர்வது கோட்டக்குப்பத்தின் வழக்கம் மட்டுமல்ல. வெண்பொங்கல், இட்லி, பருப்புச் சாதம், கேரளத்தின் கஞ்சியும் பயறும், வடக்கே கிச்சடி. கடல் கடந்தால் கியூபாவில் கருப்பு பீன்ஸும் சோறும், கோஸ்டா ரிகாவில் காயோ பிந்தோ, கானாவில் காராமணி போட்ட வாச்சே. ஒருவரையொருவர் பார்த்திராத மக்கள், வெவ்வேறு கண்டங்களில், ஒரு புல்லின் விதையையும் ஒரு அவரைக் குடும்பத்துச் செடியின் விதையையும் தேடிப் பிடித்துச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். இதைத் தற்செயல் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

காரணத்தின் ஒரு பாதி நம் உடம்புக்குள் இருக்கிறது. தசை, தோல், இரத்தம், நொதிகள் எல்லாவற்றுக்கும் உடம்பு புரதம் கட்டிக்கொண்டே இருக்கிறது. புரதம் என்பது 20 வகை மணிகளைக் கோத்த மாலை. அந்த மணிகள்தான் அமினோ அமிலங்கள். அவற்றில் 9 வகைகளை நம் உடம்பால் தேவையான அளவு செய்துகொள்ள முடியாது, சாப்பாட்டிலிருந்தே வர வேண்டும். ஏதாவது ஒரு மணி தீர்ந்துபோனால், மற்றவை குவிந்து கிடந்தாலும் கோப்பது அங்கேயே நின்றுவிடும். அரிசியில் முதலில் தீர்ந்துபோவது லைசின். ஒரு கிராம் புரதத்துக்கு 45 மில்லிகிராம் லைசின் வேண்டும் என்று உலக சுகாதார அமைப்பும் ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பும் சேர்ந்து 2007இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. அரிசிப் புரதத்தில் இருப்பது சுமார் 37தான். பாசிப்பயறிலோ அது 70ஐ ஒட்டி இருக்கிறது. ஆனால் பயறுக்கும் ஒரு குறை உண்டு. கந்தகம் கலந்த மெத்தியோனினும் சிஸ்டீனும் அதில் குறைவு. அவை அரிசியில் தேவைக்கு மேலேயே உண்டு.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 75 கிராம் அரிசியும் 25 கிராம் சிறுபருப்பும் எடுத்துக்கொள்வோம். அரிசியில் நூற்றுக்கு எட்டுப் பங்குதான் புரதம்; சிறுபருப்பில் ஏறக்குறைய 24. ஆக, எடையில் கால் பங்கே இருக்கும் பருப்பு, புரதத்தில் சரிபாதியைத் தந்துவிடுகிறது. இரண்டும் கலந்தபின் ஒரு கிராம் புரதத்துக்கு லைசின் 50 மில்லிகிராமைத் தாண்டிவிடும். கந்தக அமினோ அமிலங்களும் வேண்டிய 22க்கு மேல் நிற்கும். தனித்தனியே குறையுள்ள இரண்டு உணவுகள் சேர்ந்ததும் குறையில்லாமல் ஆகின்றன. வீடுகளில் கஞ்சிக்கு ஒரு ஆழாக்கு அரிசி என்றால் கால் ஆழாக்குப் பருப்பு என்பார்கள். அந்த அளவு இந்தக் கணக்குக்கு வெகு அருகில் இருக்கிறது.

இரண்டையும் ஒரே வேளையில்தான் சாப்பிட வேண்டும் என்று ஒரு காலத்தில் அழுத்திச் சொல்லப்பட்டது. 1971இல் அமெரிக்க எழுத்தாளர் பிரான்சிஸ் மூர் லாப்பே எழுதிய சிறிய நூல் ஒன்று அந்தக் கருத்தை உலகமெங்கும் பரப்பியது. பத்து ஆண்டு கழித்து வந்த பதிப்பில் அவரே அதைத் திருத்தினார். உடம்பு தன்னிடம் ஓரளவு லைசினைக் கையிருப்பாக வைத்திருக்கிறது. காலையில் சோறும் இரவில் சுண்டலும் என்றாலும் கணக்கு நேராகிவிடும். ஆனாலும் ஒரே பாத்திரத்தில் சேர்வதில் வேறொரு நன்மை இருக்கிறது. பயறின் மாவுப்பொருள் மெதுவாகச் செரிக்கும். அது கூட இருந்தால் சோற்றின் சர்க்கரையும் இரத்தத்தில் சட்டென்று ஏறுவதில்லை. ஊட்டச்சத்து ஆய்வாளர் டேவிட் ஜென்கின்ஸ் 1982இல் வெளியிட்ட ஆய்வு இதைவிட வியப்பானது. ஒரு வேளை மைசூர்ப் பருப்பு சாப்பிட்டவர்களுக்கு, அடுத்த வேளை வேறு உணவு உண்டபோதும் சர்க்கரை ஏற்றம் குறைந்திருந்தது. நோன்பு திறக்கும் மஃரிப் நேரத்துக் கஞ்சியில் இருக்கும் பருப்பு, அதன்பின் வரும் இரவுச் சாப்பாட்டுக்கும் சேர்த்து உழைக்கக்கூடும் என்று இதிலிருந்து எண்ண இடமிருக்கிறது.

அரிசியின் குறையைப் பயறு தீர்க்கும் என்பதை ஆய்வுக்கூடம் முதலில் கண்டது அமினோ அமிலத்தில் அல்ல, ஒரு நோயில். டச்சுக்காரர்களின் ஆட்சியில் இருந்த ஜாவாவில், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், பெரிபெரி நோய் படைவீரர்களையும் கைதிகளையும் கொத்துக்கொத்தாகச் சாய்த்தது. கால் மரத்துப்போகும், வீங்கும், இதயம் நின்றுவிடும். கிருமிதான் காரணம் என்று தேடிக்கொண்டிருந்த மருத்துவர் கிறிஸ்டியான் ஐக்மன், ஆய்வுக்கூடத்துக் கோழிகளும் அதே மாதிரி தள்ளாடுவதைக் கண்டார். மருத்துவமனைச் சமையலறையில் மிஞ்சிய தீட்டிய அரிசிச் சோறு போட்ட காலத்தில் கோழிகள் விழுந்தன. புதிதாக வந்த சமையல்காரர் படைவீரர்களின் சோற்றைக் கோழிக்குத் தரமாட்டேன் என்று நிறுத்தியதும் அவை எழுந்து நடந்தன. ஐக்மனுக்குப் பின் வந்த ஹெரிட் ஹ்ரைன்ஸ் 1901இல் அடுத்த படியை எடுத்து வைத்தார். அரிசியைத் தீட்டும்போது கழியும் தவிட்டில் மட்டுமல்ல, வேறு சில உணவுகளிலும் கோழிகளைக் காக்கும் ஏதோ ஒன்று இருக்கிறது, அது இல்லாமையே நோய் என்றார். அவர் கோழிகளுக்குக் கொடுத்துக் காப்பாற்றிய அந்த உணவுகளில் ஒன்று, ஜாவாக்காரர்கள் காச்சாங் ஹிஜாவ் என்று சொல்லும் பயறு. நம் பச்சைப்பயறேதான். அதே ஆண்டுகளில் ஜாவாவின் பாய்டன்சோர்க் மனநல மருத்துவமனையில் நோயாளிகளுக்குத் தினமும் பச்சைப்பயறு கொடுத்துப் பார்த்தார்கள். உண்ட பிரிவினரை பெரிபெரி அண்டவில்லை.

அந்த "ஏதோ ஒன்று" தயமின், அதாவது வைட்டமின் பி1. 1926இல் பார்ட் யான்சனும் வில்லெம் டோனத்தும் ஜாவாவிலேயே அதைப் படிகமாகப் பிரித்தெடுத்தார்கள். 1936இல் ராபர்ட் வில்லியம்ஸ் அதை ஆய்வுக்கூடத்தில் செயற்கையாகச் செய்து காட்டினார். அமெரிக்க மிஷனரிப் பெற்றோருக்கு 1886இல் அவர் பிறந்த ஊர், அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர். இந்தியாவின் ஊட்டச்சத்து ஆராய்ச்சியே இந்த நோயின் விசாரணையாகத்தான் பிறந்தது. 1918இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தின் ஒற்றை அறையில் ராபர்ட் மக்காரிசன் தொடங்கிய பெரிபெரி ஆய்வுப் பிரிவு, வளர்ந்து, 1958இல் ஐதராபாத்துக்குப் பெயர்ந்து, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது. நம் பக்கத்தில் பெரிபெரி ஆந்திரக் கடற்கரையைத் தாக்கிய அளவுக்குத் தமிழ்நாட்டைத் தாக்கவில்லை. புழுங்கலரிசிதான் காரணம்: நெல்லைப் புழுக்கும்போது தயமின் தவிட்டிலிருந்து அரிசிக்குள் இறங்கிவிடும். பச்சரிசியில் அந்தப் பாதுகாப்பு இல்லை. பச்சரிசி வேகும் நோன்புக் கஞ்சியில் சிறுபருப்பு அதையும் ஈடுகட்டுகிறது.

இனி காரணத்தின் மறுபாதி. அதற்கு அடுப்படியை விட்டு வயலுக்கு வர வேண்டும். அரிசியை விடப் பயறில் மூன்று மடங்கு புரதம் எப்படி வந்தது? புரதம் என்றால் நைட்ரஜன். நாம் மூச்சில் இழுக்கும் காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன்தான். ஆனால் அதன் இரண்டு அணுக்கள் மூன்று பிணைப்புகளால் இறுகிக் கிடக்கின்றன. அதை உடைக்க யூரியா ஆலைக்கு 400 டிகிரிக்கு மேல் வெப்பமும், காற்றழுத்தத்தைப் போல நூற்றுக்கும் அதிகமான மடங்கு அழுத்தமும் தேவை. உளுந்துச் செடியின் வேரில் இருக்கும் பாக்டீரியா அதே வேலையைத் தை மாதத்துப் பனியில், சத்தமில்லாமல் செய்கிறது. செடி அதற்குச் சர்க்கரை கொடுக்கிறது. அது செடிக்கு நைட்ரஜன் கொடுக்கிறது. 1886இல் ஜெர்மனியில் ஹெர்மன் ஹெல்ரீகல் இதை அறிவித்தார். 1888இல் மார்டினஸ் பெயரிங்க் அந்த பாக்டீரியாவைத் தனியே பிரித்தெடுத்தார். பூக்கும் பருவத்தில் ஒரு உளுந்துச் செடியை மெல்லப் பிடுங்கி, வேர் முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். நம் இரத்தத்தின் ஹீமோகுளோபினுக்கு உறவுக்காரப் பொருள் ஒன்று அங்கே இருக்கிறது. ஆக்சிஜன் பட்டால் அந்த பாக்டீரியாவின் நொதி கெட்டுப்போகும் என்பதால், ஆக்சிஜனை அளந்து விடும் காவல் வேலையை அது பார்க்கிறது. இரத்தமே இல்லாத செடிக்குள் இரத்தச் சிவப்பு. இதை முதல் முறை காணும் பள்ளிப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டு உழவர்கள் இந்த உறவை நெல்வயலில் அருமையாகப் பயன்படுத்துகிறார்கள். சம்பாவோ தாளடியோ அறுவடைக்கு ஏழு முதல் பத்து நாள் இருக்கும்போதே, நிற்கும் நெற்பயிருக்குள் உளுந்தையும் பச்சைப்பயறையும் தெளித்துவிடுவார்கள். மண் மெழுகுப் பதத்தில் இருக்க வேண்டும். உழவு இல்லை, தனியாக நீர்ப்பாய்ச்சல் இல்லை. நெல்லை அறுக்கும்போது அடியில் பயறு முளைத்து நிற்கும். எஞ்சிய ஈரத்திலும் பனியிலுமே 65, 70 நாளில் காய்த்துவிடும். விதைப்பதற்கு முன், அந்த வேர் பாக்டீரியா அடங்கிய ரைசோபியம் உயிர் உரத்தை விதையில் ஒட்டவைக்க வேளாண் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் பசை எது தெரியுமா? ஆறிய அரிசிக் கஞ்சி. பாத்திரத்தில் சேர்வதற்கு வெகு முன்பே, விதையாக இருக்கும்போதே, அரிசியும் பயறும் ஒட்டிக்கொள்கின்றன.

விழுப்புரம் மாவட்டம் உளுந்துக்கும் நிலக்கடலைக்கும் பேர்போன மண். நிலக்கடலையும் அவரைக் குடும்பம்தான். தென்னமெரிக்காவில் பிறந்து இங்கே ஊன்றியது. திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1940இல் வந்த டி.எம்.வி. 2 என்ற ரகம் திண்டிவனத்தின் பெயரை இந்தியாவின் எத்தனையோ மானாவாரிக் காடுகளுக்குக் கொண்டுபோனது.

அரிசி, பயறு என்ற இந்தக் கூட்டாளிகளில் மூத்தவர் யார் என்ற கேள்விக்கு இப்போது வரலாம். சோறுதான் நமக்கு ஆதி உணவு, பருப்பு பின்னால் வந்த துணை என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. அகழாய்வுகள் காட்டும் வரிசை வேறு. தென்னிந்தியாவின் முதல் உழவர்கள் கருநாடகத்தின் பெல்லாரிப் பக்கத்துக் குன்றுகளில் வாழ்ந்த புதிய கற்கால மக்கள். 4,000 ஆண்டுகளுக்கு முந்தைய அவர்களின் அடுப்புச் சாம்பலில் கிடைத்த கரித் தானியங்களை ஆராய்ந்த தோரியன் ஃபுல்லர், அவர்களின் அடிப்படை உணவு சிறுதானியங்கள், பச்சைப்பயறு, கொள்ளு என்று காட்டினார். நெல் அப்போது அங்கே அடிப்படை உணவாக இல்லை. தமிழ்நாட்டில், இன்றைய திருப்பத்தூர் மாவட்டத்துப் பையம்பள்ளியின் புதிய கற்காலக் குடியிருப்பிலும் கொள்ளும் பச்சைப்பயறும் கேழ்வரகும் கிடைத்தன. பச்சைப்பயறின் காட்டு மூதாதை இன்றும் மேற்குத் தொடர்ச்சி மலைச் சரிவுகளில் தானாகப் படர்ந்து கிடக்கிறது. அது இந்த மண்ணின் பிள்ளை.

நெல்லின் தாய்மண் வேறு. சீனத்தின் யாங்சிப் பள்ளத்தாக்கிலும் பின்னர் கங்கைச் சமவெளியிலும் வளர்ந்து தெற்கே வந்தது. தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் முதுமக்கள் தாழியில் இருந்த நெல்மணிகளின் காலம் பொ.ஆ.மு. 1155 என்று 2021இல் அறிவிக்கப்பட்டது. பழனிக்கு அருகே பொருந்தலில் பேராசிரியர் கா. ராஜன் கண்டெடுத்த, பானை நிறைந்த நெல்லின் காலம் பொ.ஆ.மு. 490. செத்தவரோடு நெல்லைப் புதைக்கும் அளவுக்கு அது மதிப்புடைய பொருளாக இருந்திருக்கிறது. மாங்குடி, கொடுமணல், பேரூர் ஆகிய இடங்களின் தானியச் சான்றுகளை ஆராய்ந்து 2005இல் வெளியான கட்டுரையில் நெல், சிறுதானியம், பயறு மூன்றும் சேர்ந்தே வருகின்றன. ஆக, பயறு தன் முதல் துணையாகத் தினையையும் சாமையையும் போன்ற சிறுதானியங்களைப் பெற்றிருந்தது. நெல் வந்தபோது அந்த இடத்தில் அமர்ந்துகொண்டது. துணைகள் மாறினாலும் பயறு தன் இடத்தைவிட்டு நகரவில்லை.

பிற நாடுகளோடு ஒப்பிட்டால் நம்மவர் செய்த ஒரு பெரிய கண்டுபிடிப்பு புலப்படும். முழு பீன்ஸ் வேக மணிக்கணக்காகும். அரிசிக்கு அரைமணி போதும். அதனால் கியூபாவிலும் பிரேசிலிலும் பீன்ஸை ஊறவைத்துத் தனியே வேகவைத்துவிட்டுப் பிறகுதான் சோற்றோடு சேர்ப்பார்கள். நம் பெண்கள் பயறைத் திருகையில் இட்டு இரண்டாக உடைத்து, ஊறவைத்துத் தோலும் நீக்கிவிட்டார்கள். தோல் போனதும் தண்ணீர் உள்ளே புகத் தடையில்லை. சிறுபருப்பு அரிசியோடு ஒரே நேரத்தில் உலையில் விழுந்து ஒரே நேரத்தில் குழைகிறது. வெண்பொங்கலும் நோன்புக் கஞ்சியும் ஒரே அடுப்பில், ஒரே பாத்திரத்தில் முடிவது அதனால்தான். விறகு அரிதான வீட்டில் இது எவ்வளவு பெரிய சேமிப்பு! உளுந்துக்கோ வேறு வழி. அரைத்து, அரிசி மாவோடு சேர்த்து, இரவெல்லாம் புளிக்கவிட்டு இட்லியாக்கினார்கள். இவற்றைக் கண்டுபிடித்தவர்களின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை என்பது எனக்கு வருத்தம்.

கடல் வழியாக இந்தச் சோடி போன பாதையில் துயரம் நிறைய உண்டு. மேற்கு ஆப்பிரிக்காவுக்கென்றே தனி நெல் உண்டு. நைஜர் ஆற்றின் உள்நாட்டுச் சதுப்பில் பயிராக்கப்பட்டது. காராமணியும் ஆப்பிரிக்காவில்தான் பயிராயிற்று. அங்கிருந்து மனிதர்களைச் சங்கிலியிட்டு ஏற்றிய கப்பல்களில் இவையும் ஏறின. தென் கரோலினாவின் காராமணிச் சோறும் கரீபியத் தீவுகளின் பயறுச் சோறும் அந்தக் கைகளின் நினைவிலிருந்து வந்தவை. ஜமைக்காவில் தேங்காய்ப் பாலில் வேகவைக்கும் "ரைஸ் அண்ட் பீஸ்" கிறிஸ்துமஸ் சமயத்தில் துவரையோடு வேகும். அந்தத் துவரை ஒடிசா, பஸ்தர் காடுகளின் ஓரத்தில் பிறந்து, ஆப்பிரிக்கா போய், அங்கிருந்து அடிமைக் கப்பலில் அட்லாண்டிக் கடந்தது.

அடிமை முறை ஒழிந்தபின் தோட்டங்களுக்கு ஆள் தேடிய பிரெஞ்சுக்காரர்கள் வந்து நின்றது கோட்டக்குப்பத்தை ஒட்டிய புதுச்சேரியின் கரையில். 1853 மே 6 அன்று மார்த்தினிக் தீவின் செயின்ட் பியேர் துறைமுகத்தை அடைந்த ஒரேலி கப்பல், அந்தத் தீவுக்கு முதல் இந்திய ஒப்பந்தத் தொழிலாளர்களை இறக்கியது. அடுத்த ஆண்டு டிசம்பரில் அதே கப்பல் குவாதலூப்புக்குப் போனது. ரீயூனியனுக்கு அதற்கு முன்பிருந்தே ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். இன்று ரீயூனியன் தீவில் யார் வீட்டிலும் தட்டில் முதலில் சோறு, பக்கத்தில் "க்ரேன்" என்று அவர்கள் சொல்லும் பயறு, பிறகு கறி, ஓரத்தில் காரத் துவையல். தமிழ் மறந்துபோன நான்காம் ஐந்தாம் தலைமுறை வீட்டிலும் அந்தத் தட்டு மறக்கவில்லை. கிழக்கே சிங்கப்பூரில் 1826இல் தமிழகத்திலிருந்து போன சூலியா முஸ்லிம்கள் எழுப்பிய ஜாமியா சூலியா பள்ளிவாசலில் ரமலான் மாதத்தில் இன்றும் கஞ்சி காய்ச்சுகிறார்கள்.

இவ்வளவு பழைய உறவு நம் காலத்தில்தான் நலிந்தது. இந்தியாவில் ஒருவருக்கு ஒரு நாளைக்குக் கிடைத்த பருப்பு வகைகளின் அளவு 1951இல் 60.7 கிராம், 1961இல் 69 கிராம். 2001இல் அது 30 கிராம். பசுமைப் புரட்சி நெல்லுக்கும் கோதுமைக்கும் தண்ணீரும் உரமும் விலை உறுதியும் தந்தது. பயறு கரம்புக்கும் மானாவாரிக்கும் தள்ளப்பட்டது. யூரியா மூட்டை வந்தபின் வேர் முடிச்சின் அருமையும் மறந்துபோயிற்று. அதன்பின் அளவு ஓரளவு ஏறியிருக்கிறது, பழைய உயரத்தை இன்னும் எட்டவில்லை.

தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியில், ஒரு நாள் உணவில் தானியம் 250 கிராம், பருப்பு வகைகள் 85 கிராம். ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று. இப்போது ரேஷன் கடைக்குப் போவோம். தமிழ்நாட்டின் பொது விநியோகம் நாட்டுக்கே முன்னோடி. 2007 முதல் துவரம் பருப்பையும் குறைந்த விலையில் தருகிறது. அதை நன்றியோடு சொல்ல வேண்டும். ஆனாலும் நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு அரிசி 20 கிலோ இலவசம். பருப்பு ஒரு கிலோ, 30 ரூபாய். இருபதுக்கு ஒன்று. அந்த அரிசிக்கு ஈடாக ஆறரைக் கிலோவுக்கு மேல் பருப்பு வேண்டும். மீதி ஐந்தரைக் கிலோவை மளிகைக் கடையில் வாங்க முடிந்த வீடு வாங்குகிறது. முடியாத வீட்டில் சாம்பார் நீர்த்துப்போகிறது. அங்கே முதலில் குறைவது லைசின்தான். அந்தக் குறை வளரும் பிள்ளைகளின் உடம்பில் தெரியும்.

பள்ளிகளில் கணக்கு வேறாக இருப்பது ஆறுதல். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில், ஒரு குழந்தைக்கு அரிசியோ ரவையோ 50 கிராம் என்றால் சாம்பாருக்குப் பருப்பு 15 கிராம் என்று அரசாணையிலேயே எழுதியிருக்கிறது. புதன்கிழமைகளில் பொங்கல்.